டிசைன் படிக்கும் தங்கைக்கு மேசை: பத்துக்கு ஒன்பது அறையில் என்ன செய்யலாம்?

வடக்கு_காத்து

எல்லோருக்கும் வணக்கம். தங்கை இந்த வருடம் தரமணிப் பக்கம் ஒரு கல்லூரியில் டிசைன் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். முதல் வருடம் என்பதால் எல்லாமே இருக்கிறது: பென்சில் டிராயிங், கலர், அட்டையில் மாடல், கொஞ்சம் களிமண், அப்புறம் லேப்டாப். வீட்டில் அவளுக்கென்று மேசை கிடையாது. தரையில் உட்கார்ந்து குனிந்தே செய்கிறாள், இரவு பதினொன்றுக்கு மேல் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

வீடு தண்டையார்பேட்டையில், முதல் மாடி, வாடகை. அறை பத்தடிக்கு ஒன்பதடி. அதில் பாட்டியின் கட்டில் ஒன்று, பீரோ ஒன்று. மீதி இடத்தில்தான் தங்கையும் அம்மாவும் பாய் விரித்துப் படுப்பார்கள். ஜன்னல் ஒன்று, கிழக்கே பார்த்தது. சுவரில் ஆணி அடிக்க ஹவுஸ் ஓனர் ஒத்துக்கொள்ள மாட்டார். மாடிப்படி இரண்டரை அடி அகலம்தான், நடுவில் ஒரு திருப்பம் வேறு. பத்தாயிரம் ரூபாய்க்குள் முடிக்க வேண்டும்.

ஆன்லைனில் நாலடிக்கு இரண்டடி கம்ப்யூட்டர் டேபிள் பார்த்து வைத்திருக்கிறேன். அதை வாங்கிவிடலாமா, இல்லை ஆசாரியிடம் செய்யச் சொல்வதா? டிசைன் படித்தவர்கள், மரவேலை தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். தங்கை உயரம் 5 அடி 1 அங்குலம், வலது கைப் பழக்கம்.

உளிச்சத்தம்

தம்பி, பெரம்பூர் பக்கம் மரவேலைதான் என் தொழில். நீங்கள் பார்த்து வைத்திருப்பதில் முதல் சிக்கல் அகலம். டிசைன் பிள்ளைகள் ஏ1 ஷீட்டில் வேலை செய்வார்கள், அது 841க்கு 594 மில்லிமீட்டர். இரண்டடி என்பது 610தான். ஷீட்டை விரித்தால் முன்னும் பின்னும் சேர்த்து 16 மில்லி மிச்சம், பிறகு ஸ்கேல் எங்கே, கை எங்கே, பென்சில் டப்பா எங்கே? ஏ2 (594க்கு 420) வரைக்கும் என்றால் அந்த மேசை போதும். ஏ1 போடச் சொல்கிறார்களா என்று தங்கையிடம் முதலில் கேளுங்கள்.

இரண்டாவது, அந்த விலைக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை. கடலிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறீர்கள், காற்றிலேயே ஈரமும் உப்பும் இருக்கும். ஓரத்தில் ஒட்டிய பட்டை ஒரு இடத்தில் விட்டால் போதும், அங்கிருந்து உப்ப ஆரம்பிக்கும். ஒரு தடவை கழற்றி மறுபடி மாட்டினால் ஸ்க்ரூ அதே ஓட்டையில் இறுகாது. வாடகை வீட்டுக்காரருக்கு அது முக்கியம், நாளைக்கு வீடு மாற வேண்டியிருக்கும் அல்லவா.

பிளைவுட்தான் என் யோசனை. பி.டபிள்யூ.ஆர். கிரேடு, அதாவது கொதிநீரையும் தாங்கும் ரகம் கேளுங்கள், ஐ.எஸ். 303 என்று இந்தியத் தர எண் பலகையில் முத்திரையாக இருக்கும். ஐ.எஸ். 710 மரைன் வரைக்கும் போக வேண்டாம், மேசைக்கு அது வீண் செலவு. ஆறு நூல் கனம், அதாவது 19 மில்லி. ஸ்க்ரூ மட்டும் எஸ்.எஸ்., அதாவது துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூவாகப் போடுங்கள், சாதா ஸ்க்ரூ உங்கள் பக்கத்தில் துருப்பிடித்து மரத்திலேயே கறை இறக்கிவிடும்.

மாடிப்படி விஷயம் நல்லவேளை சொன்னீர்கள். முழு மேசையாகக் கீழே செய்து மேலே தூக்கிப் போகும் யோசனையே வேண்டாம். மேல்பலகை தனி, கால் தனி, மேலே போய் நட்டு போல்ட்டில் பூட்டுகிற மாதிரி செய்ய வேண்டும்.

காகிதக்கப்பல்

உளிச்சத்தம் அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனால் நான் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். பெரியமேட்டில் இருக்கிற அரசு கவின் கலைக் கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் படித்தேன், வீடு அப்போது வியாசர்பாடி, ஒரே அறை, நாங்கள் ஐந்து பேர்.

மேசை எவ்வளவு பெரிது என்பதை விட, இரவில் பாதி முடிந்த வேலையை எங்கே வைப்பது என்பதுதான் டிசைன் மாணவர்களின் உண்மையான பிரச்சினை. கணக்குப் படிக்கிறவர் புத்தகத்தை மூடினால் மேசை காலி. இங்கே அப்படி இல்லை. பெயின்ட் காயாமல் இருக்கும், ஃபெவிகால் பிடிக்காமல் இருக்கும், இருபது அட்டைத் துண்டு வெட்டி வரிசையாக அடுக்கி வைத்திருப்போம். அந்த நேரத்தில் பாய் விரிக்க வேண்டும் என்றால் எல்லாவற்றையும் அள்ளிக் கட்டி ஓரமாக வைத்து, காலையில் முதலிலிருந்து அடுக்க வேண்டும். பாதி நேரம் அதிலேயே போய்விடும், மாடலும் நசுங்கும்.

அதனால் நான் சொல்வது: மேசையின் மேல்பலகையை ஸ்டாண்டோடு பூட்டவே வேண்டாம். கழற்றி எடுக்கிற மாதிரி தனிப் பலகையாக வையுங்கள், இரண்டோ மூன்றோ. அளவு 1000க்கு 700 மில்லிமீட்டர், அதுதான் பழைய டிராயிங் போர்டில் டி1 என்பது. ஏ1 ஷீட் அதில் நன்றாக உட்கார்ந்து சுற்றிலும் கைக்கு இடமும் கிடைக்கும். ஒரு பலகையில் டிராயிங், இன்னொன்றில் மாடல், மூன்றாவது லேப்டாப்புக்கும் எழுதுவதற்கும். தூங்கும் நேரம் வந்தால் வேலையைத் தொடாமல் பலகையோடு தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். மறுநாள் அப்படியே எடுத்து ஸ்டாண்டில் வைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். ஸ்டாண்ட் மடங்குவதாக இருந்தால் பீரோவுக்குப் பின்னால் போய்விடும், அம்மாவும் தங்கையும் படுக்க இடம் அப்படியே இருக்கும்.

என்னுடைய வகுப்பில் பெரிய மேசை இருந்தவர்கள் எல்லோரும் நன்றாகச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் வேலையைக் கலைக்காமல் வைக்க இடம் இருந்தவர்களுக்கு ஒரு நிம்மதி இருந்தது, அது வேலையில் தெரியும்.

உளிச்சத்தம்

காகிதக்கப்பல் சொன்னது நல்ல யோசனை, நான் மேசையாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் 19 மில்லி வேண்டாம். அந்த அளவுப் பலகை 19 மில்லியில் எட்டரைக் கிலோ பக்கம் வரும், தினமும் தங்கச்சி தூக்க முடியாது. 12 மில்லி போடுங்கள், ஐந்தரைக் கிலோதான். தொய்யுமா என்று கேட்பீர்கள், அடியில் ஸ்டாண்டின் சட்டம் 900க்கு 600 இருந்தால் ஓரம் இரண்டு அங்குலம்தான் வெளியே நிற்கும், தொய்யாது.

ஒரு கணக்கு சொல்கிறேன். எட்டுக்கு நாலு ஷீட் என்பது 2440க்கு 1220 மில்லி. கடையில் பாதிப் பேர் நீளவாக்கில் வைத்து இரண்டு பலகைதான் வெட்டுவார்கள். 1000 அளவை ஷீட்டின் அகலத்தில் திருப்பிப் போட்டால் மூன்று பலகை வரும், ரம்பம் தின்பதற்கும் இடம் இருக்கும். மீதியில் 220 மில்லி அகலத்தில் நீளப் பட்டை ஒன்றும், கடைசியில் ஓரடிக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு துண்டும் கிடைக்கும். பட்டையில் கட்டிலுக்கு அடியில் பலகை தள்ளுவதற்கான சட்டங்கள் கிழித்துக்கொள்ளலாம். சைடன்ஹாம்ஸ் ரோட்டில் வாங்கினால் அங்கேயே வெட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள், வெட்டிய பலகை ஆட்டோவில் வந்துவிடும், முழு ஷீட்டுக்கு வண்டி வைக்க வேண்டியதில்லை.

மைக்கா ஒட்ட ஆசைப்பட்டால் இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் 12 மில்லிப் பலகை ஒரு மழைக்காலத்தில் வளைந்துவிடும். காசு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் மைக்காவே வேண்டாம், நன்றாகத் தேய்த்து இரண்டு பக்கமும் சீலர் அடித்தால் போதும். ஓரத்தைப் பட்டுப்போல் தேய்க்க வேண்டும், ஷீட்டும் கையும் அங்கேதான் உரசும்.

தையல்மிஷின்

நான் ஃபேஷன் டிசைன் முடித்தவள், இப்போது பேட்டர்ன் மேக்கர். உயரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, கழுத்து வலி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கடைகளில் கிடைக்கும் மேசை எல்லாம் 29, 30 அங்குலம். 5 அடி 1 அங்குலப் பெண்ணுக்கு அது அதிகம், தோளைத் தூக்கிக்கொண்டே வரைய வேண்டியிருக்கும். சாதாரண நாற்காலியில் உட்காரச் சொல்லி, தோளைத் தளரவிட்டு, முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். அந்த அளவுதான் மேசையின் உயரம், அதற்கு ஒன்றிரண்டு அங்குலம் மேலே போனாலும் பரவாயில்லை. அவளுக்கு அது 26, 27 அங்குலம் பக்கம் வரும் என்று நினைக்கிறேன். நீங்கள் ஸ்டாண்டைச் செய்யப் போகிறீர்கள் என்பதால் அளவு உங்கள் கையில்.

வரையும்போது பலகை சாய்வாக இருக்க வேண்டும், தட்டையான மேசையில் ஏ1 ஷீட்டின் மேல்பாதியை வரையத்தான் எல்லோரும் குனிகிறோம். 700 மில்லிப் பலகையின் பின்பக்கத்தை 5 அங்குலம் தூக்கினால் ஏறத்தாழ 10 டிகிரி சாய்வு, அது போதும். இரண்டு மரக்கட்டை வெட்டி வைத்தாலே ஆயிற்று. சவுக்கார்பேட்டையில் பழைய கடைகளில் மெத்தையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவர்கள் முன்னால் ஒரு சாய்வுப் பெட்டி இருக்குமே, பார்த்திருப்பீர்கள். நாள் முழுக்க எழுதுகிறவர்களுக்குச் சாய்வு தேவை என்பது அங்கே எப்போதோ தெரிந்திருக்கிறது. பலகையைத் தூக்கும்போது முன்பக்கம் சறுக்காமல் இருக்க ஸ்டாண்டில் இரண்டு முளை வைக்கச் சொல்லுங்கள்.

வெட்டும் வேலை வேறு. அட்டையை, சன்போர்டை (மாடல் செய்யும் பிளாஸ்டிக் நுரைப் பலகை) உட்கார்ந்து வெட்டினால் தோள்பட்டையின் பலம் கட்டரில் இறங்காது, மணிக்கட்டால் அழுத்துவோம், கத்தி நழுவும். நின்றுகொண்டு, ஸ்டீல் ஸ்கேல் வைத்து, ஒரே அழுத்தில் முடிக்காமல் இரண்டு மூன்று முறை லேசாக இழுத்து வெட்ட வேண்டும். அதற்கு இன்னொரு மேசை தேவையில்லை. அடுப்படி மேடை உங்கள் வீட்டில் எவ்வளவு உயரம்? 32லிருந்து 34 அங்குலம் இருந்தால் அவளுக்குக் கச்சிதம். இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு அந்தத் தனிப் பலகையை மேடையில் வைத்து, மேலே ஏ2 கட்டிங் மேட்டைப் போட்டு நின்று வெட்டலாம். மேடை இரண்டடிதான் இருக்கும், பலகை மூன்றரை அங்குலம் முன்னால் வரும், அது இன்னும் வசதி, மேடையின் விளிம்பு வயிற்றில் இடிக்காது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். எஸ்.ஆர். மாதிரி கடுமையான வாசனை வரும் பசை, ஸ்ப்ரே பசை, ஸ்ப்ரே பெயின்ட் எதையும் அடுப்படிப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. அதன் ஆவி தீப்பிடிக்கும். அதெல்லாம் மொட்டை மாடியில், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு செய்ய வேண்டும். பாட்டி படுக்கும் அறையிலும் வேண்டாம்.

இரவுவிளக்கு

வெளிச்சம் பற்றி ஒரு வார்த்தை. வலது கைக்காரர் என்றால் ஜன்னல் அவளுடைய இடது பக்கம் வருகிற மாதிரி ஸ்டாண்டைப் போடுங்கள், இல்லாவிட்டால் தன் கை நிழலிலேயே கோடு போடுவாள். அறையின் டியூப்லைட் முதுகுக்குப் பின்னால் இருந்தால் தலையின் நிழல் ஷீட்டில் விழும், அதற்காகத்தான் பிள்ளைகள் இன்னும் குனிகிறார்கள்.

பாட்டி தூங்கும் அறை என்பதால் கிளாம்ப் வைத்த கை விளக்கு ஒன்று வாங்குங்கள், தலையைத் திருப்பிப் பலகையின் மேல் மட்டும் விழ வைக்கலாம். பலகை ஸ்டாண்டுக்கு வெளியே இரண்டு அங்குலம் நிற்கிறது என்று அண்ணன் சொன்னாரே, கிளாம்ப் பிடிக்க அந்த ஓரம் போதும். பல்பு வாங்கும்போது வாட்ஸ் மட்டும் பார்க்காமல் சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் இருக்கிறதா என்று அட்டையில் பாருங்கள், கலர் வேலைக்கு அதுதான் முக்கியம். மஞ்சள் பல்பில் கலந்த பச்சை காலையில் வேறு பச்சையாகத் தெரியும். வெளிச்சம் மஞ்சளா வெள்ளையா என்பதைக் கெல்வினில் சொல்வார்கள், அச்சுத் துறையில் கலர் பார்க்க 5000 கெல்வின் வைத்துக்கொள்கிறார்கள், அதையொட்டி இருந்தால் நல்லது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் எல்.இ.டி. கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

லேப்டாப்பை அப்படியே பலகையில் வைத்து வேலை செய்தால் கழுத்து மறுபடி குனியும். நாலு புத்தகம் அடுக்கி அதன் மேல் லேப்டாப், கீழே தனிக் கீபோர்டும் மவுஸும். இது கட்டாயம், இரண்டாம் வருடத்திலிருந்து அவள் அதிகம் உட்காரப் போவது லேப்டாப் முன்னால்தான்.

வடக்கு_காத்து

இவ்வளவு விவரமாகச் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. தங்கையிடம் காட்டினேன். ஏ1 உண்டு என்கிறாள், ஆனால் ரயிலில் எடுத்துப் போவது கஷ்டம் என்று பெரும்பாலும் ஏ2வில் முடிக்கிறார்களாம். பலகை யோசனை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அடுப்படி மேடை 33 அங்குலம் இருக்கிறது, அம்மா ஒன்பது மணிக்கு மேல் எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். முழங்கை அளவு 25 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தது.

இரண்டு சந்தேகம். பாட்டியின் கட்டில் மூன்றடி அகலம், அடியில் 15 அங்குல உயரம் இருக்கிறது, இப்போது அங்கே ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது, அதைப் பரணுக்கு மாற்றிக்கொள்வோம். பலகை உள்ளே போகுமா? இன்னொன்று, ஸ்டாண்டை மரத்தில் செய்வதா, இரும்பிலா?

உளிச்சத்தம்

மூன்றடி என்பது 914 மில்லி. 1000 பக்கத்தை உள்ளே தள்ளினால் மூன்று அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், பாட்டி இரவில் எழுந்தால் கால் இடிக்கும். அதனால் 1000 பக்கம் கட்டிலின் நீளத்தோடு போகட்டும், 700 பக்கம் உள்ளே. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வைக்க நீளம் போதாது, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு செய்யுங்கள். கீழ் அடுக்குக்கு 9 அங்குலம் விட்டால் மாடல் நிற்கும், மேல் அடுக்குக்கு 3 அங்குலம் போதும், அது ஷீட்டுக்கும் காயாத பெயின்ட்டுக்கும். தரையில் நேராகப் பலகையை வைக்க வேண்டாம், வீடு துடைக்கும் தண்ணீர் ஏறும். அடியில் ஓரங்குலச் சட்டம் கொடுங்கள்.

ஸ்டாண்டு இரும்பிலேயே செய்யுங்கள். ஓரங்குல ஸ்கொயர் பைப், 16 கேஜ், வெல்டிங் பட்டறையில் ஒரு நாள் வேலை. இரண்டு சட்டத்தை நடுவில் போல்ட் வைத்துக் கத்தரிக்கோல் மாதிரி மடக்கலாம், திறக்கும்போது ஒரு எல்லைக்கு மேல் விரியாமல் இருக்கக் குறுக்கே ஒரு பட்டையைக் கொக்கி போட்டுக்கொள்ள வேண்டும், அது இல்லாமல் பட்டறையிலிருந்து எடுக்காதீர்கள். துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு அடித்த பிறகுதான் பெயின்ட், பைப்பின் அடிவாயை ரப்பர் புஷ்ஷால் அடைத்துவிடுங்கள், திறந்து கிடந்தால் உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

காகிதக்கப்பல்

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். முதலிலேயே எல்லாம் வாங்க வேண்டாம். ஸ்டாண்டும் மூன்று பலகையும் விளக்கும் போதும், டிராயர், பென்சில் ஸ்டாண்ட், சக்கரம் வைத்த ரேக் எல்லாம் ஒரு செமஸ்டர் கழித்து அவளே என்ன வேண்டும் என்று சொல்வாள். கட்டிங் மேட்டை மட்டும் தள்ளிப் போடாதீர்கள், அது இல்லாமல் பிளைவுட்டில் வெட்டினால் பலகையில் கோடு விழுந்து, பிறகு அதே பலகையில் வரையும்போது பென்சில் அந்தக் கோட்டில் இறங்கும். மேட்டை வெயிலில் வைக்காதீர்கள், வளைந்துவிடும்.

ஷீட் வாங்க ஆண்டர்சன் தெருவுக்குப் போங்கள், மொத்தமாக எடுத்துக் கூடப் படிக்கும் நாலு பேர் பிரித்துக்கொண்டால் செலவு குறையும். சுருட்டி வைக்காமல் அந்த மேல் அடுக்கில் படுக்க வையுங்கள்.

தரைத்தளத்தில் இருக்கிற யாராவது இதைப் படித்தால்: கட்டிலுக்கு அடியில் எதையும் நிரந்தரமாக வைக்காதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் போர்ட்ஃபோலியோவையும் முடித்த வேலைகளையும் பரணுக்கு ஏற்றிவிடுங்கள்.

வடக்கு_காத்து

சரி, ஞாயிற்றுக்கிழமை பிளைவுட் வாங்கப் போகிறோம், தங்கையும் வருகிறாள். உளிச்சத்தம் அண்ணே, கடைசியாக ஒன்று: ஸ்டாண்டு 26 அங்குலம், மேலே பலகை அரை அங்குலம், மொத்தம் இருபத்தாறரை. முழங்கை அளவை விட ஓரங்குலம் போல மேலே. சரியாக இருக்குமா?

உளிச்சத்தம்

சரியாக இருக்கும் தம்பி. தங்கச்சி உட்காரப் போகும் நாற்காலியையும் பட்டறைக்கு எடுத்துப் போங்கள், கால் வெட்டுவதற்கு முன்னால் அவளை உட்கார வைத்து ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லுங்கள். நாலு காலையும் சேர்த்துக் கட்டி ஒரே நேரத்தில் துளை போடச் சொல்லுங்கள், ஒன்றொன்றாகப் போட்டால் ஒரு மில்லி மாறினாலும் ஸ்டாண்டு ஆடும், கோடு போடும்போது அது தெரியும்.